பெருநாள் சந்திப்பில் பெரியவர்களின் விளையாட்டு: ஒரு வரலாற்றுப் பார்வை

பெருநாள் கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துத் திருமண மண்டபங்களில் ஜமாஅத் குடும்பங்களின் சந்திப்புகள் நடைபெறுவதை நாம் அறிவோம். சிறுவர்களுக்குக் கிராஅத் போட்டி இருக்கும், சாக்கு ஓட்டம் இருக்கும், பரிசுகளும் இருக்கும். பெரியவர்களுக்கு இருப்பவை ஒரு நாற்காலி, ஒரு சொற்பொழிவு, ஒரு தட்டு பிரியாணி. ஆண்கள் தத்தம் ஊர்க்காரர்களோடு ஒரு பக்கம் அமர்வர். பெண்கள் தத்தம் உறவினர்களோடு மறு பக்கம் அமர்வர். வரும்போது எந்த முகங்களை அறிந்திருந்தோமோ, அந்த முகங்களோடு மட்டுமே பேசிவிட்டு மாலையில் வீடு திரும்புகிறோம். பெரியவர்களுக்கும் ஏதேனும் விளையாட்டு வைக்கலாமே என்று எவரேனும் கூறினால், “இந்த வயதில் அது எதற்கு?” என்ற கேள்வியே பதிலாக வருகிறது. அந்தக் கேள்விக்கு நம் வரலாறு என்ன விடை தருகிறது என்பதை இங்குக் காண்போம்.

மதீனாவின் இரு நாட்கள்

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தபோது, அவ்வூர் மக்கள் ஆண்டில் இரு நாட்களை விளையாட்டுக்கென ஒதுக்கி வைத்திருந்தனர். அவ்விரு நாட்களுக்குப் பகரமாக, அவற்றைவிடச் சிறந்த ஹஜ்ஜுப் பெருநாளையும் நோன்புப் பெருநாளையும் அல்லாஹ் வழங்கியுள்ளான் என்று நபியவர்கள் அறிவித்தார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இச்செய்தி அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. நாட்கள் மாறின, அவற்றின் நோக்கமும் உயர்ந்தது. ஆயினும் மகிழ்ச்சியான நாளில் விளையாடும் வழக்கம் அத்தோடு நின்றுவிடவில்லை.

ஒரு பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுன் நபவீயிலேயே ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடினர். ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களின் பின்னால் நின்று, தமக்கே சலிப்பு வரும்வரை அதைக் கண்டு களித்தார்கள். அதுவரை நபியவர்களும் பொறுமையாக நின்றார்கள். இவ்விளையாட்டைத் தடுக்க உமர் (ரலி) அவர்கள் சிறு கற்களை எடுத்து எறிந்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு நபியவர்கள் கூறினார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள இந்நிகழ்ச்சியில் ஆடியவர்கள் வளர்ந்த ஆண்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மதீனாவில் குதிரைப் பந்தயமும் நடந்தது. பயிற்சியால் உடல் இறுகிய குதிரைகளுக்கு ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யதுல் வதாஃ வரை, அதாவது ஐந்து அல்லது ஆறு மைல், ஓட்டம் வைக்கப்பட்டது. பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறத்தாழ ஒரு மைல் மட்டுமே. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களும் இதில் கலந்துகொண்டார்கள். வலியவற்றுக்கு ஓர் ஓட்டம், எளியவற்றுக்கு ஓர் ஓட்டம் என்று பிரித்த அந்த நீதி, இன்று விளையாட்டு நடத்துவோர் கருத்தில் கொள்ள வேண்டிய ஒன்று.

நபியவர்கள் தம் துணைவியாரோடு ஓட்டப்பந்தயம் ஓடியதையும், முதலில் ஆயிஷா (ரலி) வென்றதையும், பல காலத்துக்குப் பின்னர் நடந்த மற்றொரு பந்தயத்தில் நபியவர்கள் வென்று, இது அதற்கு ஈடு என்று கூறியதையும் அபூதாவூத் பதிவு செய்கிறது. நபித்தோழர்கள் ஒருவர் மீது ஒருவர் முலாம்பழங்களை வீசி விளையாடுவார்கள் என்றும், பொறுப்பான காரியம் வந்துவிட்டால் அவர்களே உறுதிமிக்க ஆண்களாக நிற்பார்கள் என்றும் இமாம் புகாரீயின் ‘அல்அதபுல் முஃப்ரத்’ நூலில் ஒரு செய்தி உண்டு. விளையாட்டும் கண்ணியமும் ஒரே மனிதரிடம் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவற்றுள் நம் பேச்சுக்கு மிக நெருக்கமானது அஸ்லம் கூட்டத்தாரின் அம்பெய்தல் போட்டி. அவர்கள் இரு அணிகளாகப் பிரிந்து எய்துகொண்டிருந்த இடத்துக்கு வந்த நபியவர்கள், அவர்களை உற்சாகப்படுத்தி, தாம் இன்ன அணியோடு இருப்பதாகக் கூறினார்கள். உடனே மற்ற அணியினர் கைகளை நிறுத்திக்கொண்டனர். காரணம் கேட்டபோது, நீங்கள் அவர்களோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்றனர். அப்படியானால் எய்யுங்கள், நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன் என்ற கருத்தில் நபியவர்கள் மறுமொழி கூறினார்கள். புகாரீயில் உள்ள இச்செய்திக்கு இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் வருவோம்.

தமிழ் மண்ணில்

தமிழ் முஸ்லிம்களின் பெரியவர்கள் கூடிய இடங்களில் முதன்மையாக விளங்கியது கேள்வியும் விடையும். ‘மஸ்அலா’ என்ற அரபுச் சொல்லே தமிழில் ‘மசலா’ ஆனது. தனியொரு இலக்கிய வகையாகவும் வளர்ந்தது. இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையது வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிரம் மசலா’. அது 1572-ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறியது. யூத அறிஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கேள்விகள் கேட்டு, விடைகளில் நிறைவு கொண்டு இஸ்லாத்தைத் தழுவுவதே அதன் பொருள். இதே ஆயிரம் கேள்விகளின் கதை மலாய், ஜாவானிய மொழிகளிலும் வழங்கியது. இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் ஒரே கேள்விகளை வெவ்வேறு மொழிகளில் கேட்டு மகிழ்ந்தனர்.

‘நூறு மசலா’, ‘வெள்ளாட்டி மசலா’ ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. முன்னதில் ஓர் இளவரசி விடுக்கும் கேள்விகள். பின்னதில் பேரறிஞர்களின் வினாக்களுக்கெல்லாம் விடை கூறும் ஓர் அடிமைப் பெண். இந்நூல்கள் ஒருவர் தனியே அமர்ந்து கண்ணால் வாசிப்பதற்கென்று எழுந்தவை அல்ல. ஒருவர் இசைத்துப் படிக்க, மற்றவர் சூழ இருந்து கேட்ட காலத்துக்குரியவை. கேள்வி ஒலித்ததும் விடை வருமுன் கேட்போர் மனத்தில் ஓர் ஊகம் எழும். அந்த ஊகத்தில்தான் விளையாட்டின் சுவை இருந்தது.

வட ஆர்க்காட்டுப் பகுதியிலும் சென்னையிலும் உருது பேசிய குடும்பங்களில் ‘பைத்பாஸி’ என்ற ஆட்டம் வழக்கில் இருந்தது. ஓர் அணி ஒரு கவிதையின் ஈரடியைச் சொல்லும். அது எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் ஈரடியை மறு அணி சொல்ல வேண்டும். ஒரு செய்யுளின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகும் அந்தாதி தமிழுக்கும் பழகிய முறையே என்பதால், இவ்விளையாட்டு தமிழ் பேசுவோருக்கும் அந்நியமன்று.

இலங்கையின் கிழக்கு மாகாண முஸ்லிம்களிடையே களிகம்பு, பொல்லடி என்ற பெயர்களில் ஆண்களின் குழு ஆட்டம் உண்டு. கேரளத்து மாப்பிள்ளை முஸ்லிம்களிடம் இது கோல்களி எனப்படும். ஆடுவோர் வட்டமாக நின்று, பாட்டின் தாளத்துக்கு ஏற்பத் தம் கோல்களை அக்கம்பக்கத்தாரின் கோல்களோடு தட்டிச் சுழல்வர். இதில் வென்றவர், தோற்றவர் என்று எவரும் இல்லை. ஒருவர் தவறினால் வட்டம் முழுவதும் தடுமாறும் என்பதால், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கவனித்தே ஆட வேண்டும்.

தொழிற்சாலைகள் கூட்டிய ஜமாஅத்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். பூவிருந்தவல்லியில் முஸ்லிம்களின் வரலாறு பழையது. கோல்கொண்டாவின் குதுப் ஷாஹி ஆட்சிக் காலத்தில், 1653-இல் எழுந்த பள்ளிவாசல் அங்கு உள்ளது. ஆனால் இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களுள் பல, தொழிற்சாலைகளின் வழியாக வந்தவை. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தொடங்கியது. 1964-இல் தொழிற்பேட்டை உருவானது. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. வேலை தேடி வந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வேலூரிலிருந்தும் வந்தனர்.

ஊரில் ஒரு ஜமாஅத் என்றால், மூன்று தலைமுறைகளாக ஒருவரையொருவர் அறிந்தவர்களின் கூட்டம். அங்கு ஒரு நிகாஹ் நடந்தால் யார் தேக்சா தூக்குவது, யார் பந்தி விசாரிப்பது என்பதை எவரும் சொல்லத் தேவையில்லை. புறநகர் ஜமாஅத்தோ அப்படிப்பட்டதன்று. ஒரே ஸஃப்பில் ஷாஃபிஈயும் ஹனஃபியும் நிற்கின்றனர்; ஒருவர் வீட்டில் தமிழ், அடுத்தவர் வீட்டில் உருது. தொழுகை அவர்களைத் தோளோடு தோள் நிறுத்துகிறது. ஸலாம் கொடுத்த பின்னர் அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விடுகின்றனர். ஜனாஸா ஒன்று நேரும்போதுதான், பக்கத்துத் தெருவில் இருந்தவரின் பெயரையே நாம் அறிகிறோம். பெருநாள் சந்திப்பில் பெரியவர்கள் விளையாடுவது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்போர் இந்த நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம் ஒரே அணியில் நின்று சிரித்தவரின் பெயரை மனம் எளிதில் மறப்பதில்லை.

மீறக் கூடாத வரம்புகள்

அதே வரலாறு வரம்புகளையும் கற்பிக்கிறது. சூதாட்டத்தைக் குர்ஆன் (5:90) தடுத்துள்ளது. ஆகவே பங்கேற்போரிடம் பணம் திரட்டி, அதையே வென்றவருக்குப் பரிசாகத் தரும் ஆட்டங்களுக்கு நம் மண்டபங்களில் இடமில்லை. பரிசை ஜமாஅத்தோ போட்டியில் சேராத ஒருவரோ வழங்கலாம். பகடை உருட்டும் ஆட்டங்களைப் பணயம் இல்லாவிட்டாலும் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் விலக்கியுள்ளனர். தாயம் வைக்க நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கக் கூடாது என்பதும் குர்ஆனின் கட்டளையே (49:11). பயணம் ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த தோழரிடம் இருந்த கயிற்றைச் சிலர் வேடிக்கையாக எடுக்க, அவர் திடுக்கிட்டார். ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என நபியவர்கள் உணர்த்தினார்கள் (அபூதாவூத்). ஒருவரை மேடைக்கு அழைத்து, அவர் உடற்பருமனையோ பேச்சையோ கேலிப்பொருளாக்கி மற்றவர்களைச் சிரிக்கவைக்கும் ஆட்டங்கள் இந்த எல்லைக்கு வெளியே நிற்பவை. அன்று கூனிக் குறுகியவர் அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வரமாட்டார். அவரை இழந்து நாம் பெற்ற சிரிப்பு எதற்குப் பயன்படும்?

உடலின் பாதுகாப்பும் அமானிதமே. கயிறு இழுத்தல் 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்ற விளையாட்டு. பெருங்கூட்டத்துக்கு அதுபோல் பொருத்தமானது வேறில்லை. ஆயினும் 1997-இல் தைவானின் தைபே நகரில் 1,600-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து இழுத்த கயிறு அறுந்து, இருவரின் கைகள் துண்டாயின. தடித்த, பழுதற்ற வடம் வேண்டும். அணிக்கு எட்டு அல்லது பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. முழங்கால் வலி உள்ளவருக்கும் முதியவருக்கும் அமர்ந்து ஆடும் ஆட்டம் தனியே இருக்கட்டும். மதீனாவில் பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஒரு மைல் வைத்ததை நினைவில் கொள்வோம்.

அனைவருடனும் நிற்பவர்

வரும் பெருநாள் சந்திப்பில் செய்து பார்க்கத்தக்க எளிய ஆட்டம் ஒன்றைக் கூறலாம். வாசலில் நுழையும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு வண்ணச் சீட்டுக் கொடுங்கள். ஊர், மொழி, உறவு ஆகியவற்றைப் பாராமல் வண்ணத்தின்படி அணி அமையட்டும். பெண்களுக்கு அவர்கள் பகுதியில் அவ்வாறே அமையட்டும். பின்னர் மசலா தொடங்கட்டும். ஒவ்வோர் அணியும் தம்முள் ஒருவரின் சொந்த ஊரைப் பற்றி ஒரு கேள்வி தயாரிக்க வேண்டும். கீழக்கரைத் தொதலில் சேரும் பொருட்கள் எவை? ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள என்ன வைப்பர்? நாகூர் யாருடைய பெயரால் அறியப்படுகிறது? கேள்வி தயாரிப்பதற்கே அணியினர் ஒருவரையொருவர் நீ எந்த ஊர் என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த ஆட்டமே.

நடத்துபவருக்கு ஒரு சொல். செயலாளரின் மகன் எந்த அணி, நன்கொடையாளர் எந்த அணி என்று பார்த்து நடுவர் தீர்ப்புக் கூறத் தொடங்கினால், அஸ்லம் கூட்டத்தாரின் ஓர் அணியைப் போல் மற்றவர்களின் கைகள் நின்றுவிடும். அன்று அந்தக் கைகள் மீண்டும் வில்லை எடுத்ததற்குக் காரணம், நபியவர்கள் இரு அணிகளோடும் தம்மைச் சேர்த்துக்கொண்டதே. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒரே பள்ளிவாசலில் தொழும் நமக்கு அந்தப் பாடம் விளையாட்டுத் திடலோடு முடிந்துவிடுவதில்லை. நம் உள்ளங்களை அல்லாஹ் ஒன்றிணைப்பானாக.