கிடங்கு எண் 221: தூலூஸ் உர ஆலை வெடிப்பை நாம் ஏன் வாசிக்க வேண்டும்?

2001 செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை காலை 10.17 மணி. தெற்குப் பிரான்சின் தூலூஸ் நகரில் ஏ.இசட்.எஃப் உரத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 31 பேர் இறந்தனர். அவர்களில் 21 பேர் ஆலைக்குள் இருந்தவர்கள். சுமார் 2,500 பேர் காயமடைந்தனர்.

வெடித்தது 221 என்ற எண்ணுள்ள கிடங்கு. அங்கே கிடந்தது சந்தைக்குப் போகும் உரம் அல்ல. தரத்தில் தேறாமல் ஒதுக்கப்பட்ட அம்மோனியம் நைட்ரேட், 300 டன்னுக்கும் மேல். அதை அள்ளுவதும் கொட்டுவதும் பெரும்பாலும் துணை ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். அதே ஆலையின் இன்னொரு பகுதியில், நீச்சல் குள நீரைச் சுத்திகரிக்கும் குளோரின் வேதிப்பொருள் தயாரானது. இரண்டும் ஒன்றோடொன்று சேரவே கூடாதவை. சேர்ந்துவிட்டன, அதனால்தான் வெடித்தது என்பது நீதிமன்றம் ஏற்ற முடிவு. நிறுவனம் இதைக் கடைசிவரை மறுத்தது.

இந்த ஆபத்து புதிதல்ல. 1921இல், அதுவும் இதே செப்டம்பர் 21 அன்று, ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் பி.ஏ.எஸ்.எஃப் உர ஆலை வெடித்து 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறுகிப்போன உரக் குவியலை வெடிவைத்து உடைப்பது அங்கே அன்றாட வேலை. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஜெர்மானிய நிறுவனத்தின் அம்மோனியாத் தொழில்நுட்பத்தைப் பிரான்ஸ் பெற்றது. அதைப் பயன்படுத்தவே 1924இல் தூலூஸில் அரசு உர நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் வழிவந்ததுதான் ஏ.இசட்.எஃப். தொழில்நுட்பம் எல்லை தாண்டி வந்தது. ஆபத்தைப் பற்றிய அறிவோ, 80 ஆண்டுகளுக்குப் பிறகும் கழிவை அள்ளும் தொழிலாளியின் கைக்கு வந்து சேரவில்லை.

பழி மட்டும் அவர்களிடம் உடனே வந்து சேர்ந்தது. நியூயார்க் தாக்குதல் நடந்து பத்தே நாள் ஆகியிருந்தது. இறந்தவர்களில் வட ஆப்பிரிக்கப் பூர்வீகம் கொண்ட ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் மீது பயங்கரவாதச் சந்தேகம் வீசப்பட்டது. எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் ஆலை நிர்வாகத்தை நோக்கிப் போகவேண்டிய கேள்வி, செத்துப்போன ஒரு தொழிலாளியின் பிறப்பை நோக்கித் திரும்பியது. பிரான்சில் சாதி இல்லை. ஆனாலும் கழிவு வேலை யாருக்கு ஒதுக்கப்படுகிறது, தவறு நடந்தால் யாருடைய பிறப்பு முதலில் விசாரிக்கப்படுகிறது என்ற கேள்விகளை அம்பேத்கரை வாசித்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆலைக்கு அருகில் இருந்தவை பெரும்பாலும் உழைக்கும் மக்களும் புலம்பெயர்ந்தோரும் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள். குளிர்காலம் வந்த பிறகும் உடைந்த சன்னல்களோடு வாழ்ந்தவர்கள் "சன்னலற்றவர்கள்" என்ற பெயரிலேயே அமைப்பாகத் திரண்டார்கள். "இனி ஒருபோதும் வேண்டாம், இங்கும் வேண்டாம், எங்கும் வேண்டாம்" என்பது போராட்டத்தின் முழக்கமானது.

வழக்கு 18 ஆண்டுகள் இழுத்தது. 2009இல் விடுதலை, 2012இல் தண்டனை, 2015இல் அந்தத் தீர்ப்பு ரத்து. 2017இல் மீண்டும் தண்டனை, 2019இல் அது உறுதியானது. டோட்டல் குழுமத்தைச் சேர்ந்த கிராந்த் பரோவாஸ் நிறுவனத்துக்கு 2,25,000 யூரோ அபராதம். ஆலை இயக்குநருக்கு 15 மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. 31 உயிர்களுக்கு இது சிறிய தொகை. ஆனாலும் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: குற்றவாளி என்று தீர்ப்பில் எழுதப்பட்டது நிறுவனத்தின் பெயரும் அதன் இயக்குநரின் பெயரும். வேலையைத் துணை ஒப்பந்தத்துக்கு விட்டதால் பொறுப்பு கைமாறிவிடவில்லை.

தோழர்களே, அடுத்த முறை ஓர் ஆலை விபத்துச் செய்தி வரும்போது இறந்தோர் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் கேட்போம். அவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத் தொழிலாளர்? கையாண்ட பொருள் என்னவென்று அவர்களுக்கு யார், எந்த மொழியில் சொன்னார்கள்? ஆலையைச் சுற்றி வாழ்பவர்கள் யார்? "மனிதத் தவறு" என்று அறிக்கை வந்தால், அது எந்த மனிதரின் தவறு?