ஜப்பானோடு மோதச் சொன்னவர்

பனியன் தொழில் திருப்பூரை முழுதாக விழுங்குவதற்கு முன், அது கதர் ஊர். அதே கதரை நம்பி, ஈரோட்டைத் தாண்டித் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மழை பொய்த்த அந்தப் பக்கத்துக் கிராமப் பெண்கள் நூற்ற சிட்டங்களை அங்கே கொடுத்துக் கூலி வாங்கிப் போனார்கள்.

ராட்டை சுற்றச் சொன்னவர்தானே, போர் என்றாலே முகம் சுளித்திருப்பார் என்று நினைத்தால் தப்பு. 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. பீதியில் சென்னையே பாதி காலியானது. முஸ்லிம் லீகோடு சமாதானமாகி, தேசிய அரசு அமைத்து ஜப்பானை எதிர்த்து நிற்போம் என்றார் ராஜாஜி. காங்கிரஸ் கேட்கவில்லை, அவர் கட்சியை விட்டே வெளியேறினார்.

மூன்றே வருடத்தில் ஹிரோஷிமா, நாகசாகி.

குண்டு போடாவிட்டால் ஜப்பானுக்குள் இறங்கிச் சண்டை போட வேண்டியிருக்கும், இன்னும் லட்சக்கணக்கில் சாவார்கள் என்றது அமெரிக்க அதிபர் ட்ரூமன் தரப்பு. லியோ சிலார்ட் உள்ளிட்ட அணுகுண்டுத் திட்ட விஞ்ஞானிகள் 1945 ஜூலையிலேயே அவசரப்பட வேண்டாம் என்று மனு எழுதியிருந்தார்கள். அமெரிக்காவின் சொந்தக் குண்டுவீச்சு ஆய்வுக் குழுவோ, அணுகுண்டு இல்லாமலே அந்த வருடக் கடைசிக்குள் ஜப்பான் பணிந்திருக்கும் என்று 1946-ல் எழுதி வைத்தது. பத்து லட்சம் அமெரிக்க வீரர்கள் சாவார்கள் அல்லது காயப்படுவார்கள் என்ற பிரபலமான கணக்கை முன்னாள் போர் அமைச்சர் ஸ்டிம்சன் பத்திரிகையில் எழுதியது 1947-ல். காரியம் முடிந்த பிறகு போட்ட கணக்கு!

ஜப்பானோடு மோதச் சொன்ன அதே ராஜாஜி அணு ஆயுதத்தை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எதிரியோடு சண்டை போடுவது வேறு, ஊரையே கொளுத்துவது வேறு.

1962 செப்டம்பர் 28. ஆர்.ஆர்.திவாகர், பி.சிவராவ் ஆகியோருடன் காந்தி அமைதி நிறுவனக் குழுவின் தலைவராக வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 83. அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்பதே கோரிக்கை. ஒதுக்கிய நேரத்தைத் தாண்டியும் அதிபர் கென்னடி அவரை எழவிடவில்லை. பதினெட்டே நாளில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிற்கும் படங்கள் அதே கென்னடியின் மேஜைக்கு வந்தன.

அடுத்த ஆகஸ்டில் மாஸ்கோவில் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியாவும் கையெழுத்திட்டது. தரைக்கு அடியில் வெடிப்பதற்கு மட்டும் அதில் தடை இல்லை. 1974 மே 18 அன்று பொக்ரானில் இந்தியா வெடித்தது தரைக்கு அடியில்தான். ராஜாஜி 1972 டிசம்பரிலேயே காலமாகியிருந்தார்.