திரிபு சார்ந்த மண் விறைப்பு

திரிபு சார்ந்த மண் விறைப்பு என்பது, மண்ணின் உருத்திரிபு கூடக்கூட அதன் விறைப்புக் குணகம் குறையும் பண்பைக் குறிக்கும். நிலநடுக்கத்தின்போது நிலமும் மண் அணைகளும் எவ்வாறு அசையும் என்பதை முடிவுறு கூறு முறையில் கணிப்பதற்கு இப்பண்பு இன்றியமையாதது ஆகும்.

விளக்கம்

சறுக்குப்பெயர்ச்சித் திரிபு 0.001 விழுக்காட்டிற்கும் குறைவாக உள்ளபோது மண் ஏறத்தாழ மீள்தன்மையுடன் இயங்கும். அப்போதைய பெரும விறைப்பு, அடர்த்தியையும் குறுக்கலைத் திசைவேகத்தின் இருமடியையும் பெருக்கக் கிடைப்பதாகும். அடர்த்தி கன மீட்டருக்கு 1800 கிலோகிராம், திசைவேகம் நொடிக்கு 200 மீட்டர் எனில் விறைப்பு 72 மெகாபாசுக்கல் ஆகும்.

திரிபு கூடும்போது துகள்கள் ஒன்றன்மீது ஒன்று நழுவுவதால் விறைப்பு குறைகிறது. ஆற்றல் இழப்பு மிகுகிறது. விறைப்பு கால் பங்காகக் குறைந்தால் அலைவேகம் பாதியாகும். அதனால் 20 மீட்டர் தடிப்புள்ள மேற்குறித்த மண்படுகையின் இயல்பு அலைவுக்காலம் 0.4 நொடியிலிருந்து 0.8 நொடியாக உயரும். இதைக் கருதாத கணிப்பு, எந்த உயரக் கட்டடம் மிகுதியாகக் குலுங்கும் என்பதையே தவறாகக் காட்டக்கூடும்.

கணிப்பு முறைகள்

சீடு, இத்ரீசு ஆகியோர் 1970 அளவில் வளர்த்த சமான நேரியல் முறையில், முதலில் ஒரு விறைப்பு கொள்ளப்படுகிறது. கணிப்பில் பெறப்படும் பெருமத் திரிபின் ஏறத்தாழ 65 விழுக்காட்டிற்குரிய விறைப்பு, சோதனை வளைகோட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. மதிப்புகள் ஒத்துவரும் வரை கணிப்பு மீள மீளச் செய்யப்படும். நிலையான இடப்பெயர்ச்சியையும் துளைநீர் அழுத்தத்தையும் இம்முறை தராது. 2001 புச்சு நிலநடுக்கத்தில் குசராத்தின் சாங் முதலிய மண் அணைகள் சேதமடைந்ததைப் போன்ற நிகழ்வுகளை ஆராய, ஒவ்வொரு காலப்படியிலும் விறைப்பை மாற்றும் நேரிலா முறை தேவைப்படுகிறது.

பெரியாறு அணை

1895 இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர், கூடலூர் வழியே கம்பம் பள்ளத்தாக்கை அடைகிறது. இதன் நிலநடுக்கப் பாதுகாப்பு உச்ச நீதிமன்றம் வரை ஆராயப்பட்டது. 2014 மே 7 தீர்ப்பு 142 அடி வரை நீர் தேக்குவதை உறுதி செய்தது. முதன்மை அணை சுண்ணாம்புச் சுர்க்கிக் கட்டுமானம். அருகில் சிற்றணையும் மண்கரையும் உள்ளன. எனவே ஒரே விறைப்பு மதிப்பு முழுத் தொகுதிக்கும் பொருந்தாது. மண்கரைக்குத் திரிபு சார்ந்த விறைப்பைத் தனியே கொள்ள வேண்டும்.