ஸாஸேஜ் உறைக்குள் ஓடிய ரத்தம்

1943. ஹாலந்து நாஜிகளின் பிடியில். காம்பென் என்கிற சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வில்லெம் கோல்ஃப், ஸாஸேஜ் அடைக்கிற செலோஃபேன் குழாயை மர டிரம்மில் சுற்றி, உப்புக் கரைசலில் சுழலவிட்டார். குழாய்க்குள் நோயாளியின் ரத்தம்! செலோஃபேனின் நுண்துளைகள் வழியே யூரியா வெளியேறிவிடும். பெரிய உருவமான ரத்த அணுக்களும் புரதமும் உள்ளேயே தங்கிவிடும். கிட்னி பார்க்கிற வேலைதான், கொஞ்சம் முரட்டுத்தனமாக!

இரண்டு வருடம்... ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் இறந்துபோனார்கள். மனுஷர் விடவில்லை. 1945-ல் நினைவிழந்து வந்து சேர்ந்தார் 67 வயதுப் பெண்மணி ஒருவர். நாஜிகளுக்கு ஒத்தாசை செய்ததற்காகச் சிறையில் இருந்தவர். கோல்ஃபோ நாஜி எதிர்ப்பாளர்! ஆனாலும் டிரம் சுழன்றது. அந்தம்மா பிழைத்துக்கொண்டார்.

கண் விழித்ததும் அவர் முதலில் அறிவித்தது, புருஷனை விவாகரத்து செய்யப்போவதாக. செய்தும் விட்டாராம்!