மணிக்கணக்கும் மணியோசையும்

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரே நிறுத்தத்தில் இறங்கி எதிரெதிர் கட்டடங்களுக்குள் போகும் இருவரை வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கழுத்தில் ஐ.டி. கார்டு, முதுகில் லேப்டாப் பை, எழுதுவதும் அதே ஜாவா. ஒருவர் சர்வீஸ் கம்பெனி. 1968இல் தொடங்கிய டி.சி.எஸ்., 1981இல் தொடங்கிய இன்ஃபோசிஸ் வழியில் வந்த வகை: வெளிநாட்டு வங்கிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ ஆள் கொடுத்து, அந்த ஆளின் நேரத்துக்குப் பணம் வாங்கும் தொழில். மற்றவர் ப்ராடக்ட் கம்பெனி. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ, 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் போல, சொந்தமாக மென்பொருள் செய்து சந்தாவுக்கு விடும் தொழில். சம்பளம், மரியாதை, கல்யாணச் சந்தையில் மதிப்பு என்று இரண்டையும் ஒப்பிடும் பேச்சு ஏற்கெனவே நிறைய உண்டு. கம்பெனி எதை விற்கிறது என்பதைப் பொறுத்து வேலை பார்ப்பவரின் பொழுது எப்படி மாறுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

சர்வீஸ் கம்பெனியில் வெள்ளிக்கிழமை மதியம் தவறாமல் ஒரு மெயில் வரும். டைம்ஷீட் போடாதவர்கள் பட்டியல். சிசியில் மேனேஜர், அவருக்கும் மேலே இருப்பவர். ப்ராஜெக்ட் கோடைத் தேர்ந்தெடுத்து திங்கள் 8, செவ்வாய் 8 என்று நிரப்ப வேண்டும். செவ்வாயன்று ரிலீஸுக்காக இரவு பதினொன்று வரை உட்கார்ந்திருந்தாலும் 8தான். கிளையன்ட் வாங்கியிருப்பது வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் போட்டால் இதற்கு யார் காசு கொடுப்பது என்று கேள்வி வரும். கேள்வி மேலே போனால் எஸ்டிமேட் போட்டவர் தலை உருளும். நேரத்தையே சரக்காக விற்கும் தொழிலில் முதல் பொய் நேரக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. (மொத்த விலை பேசி எடுக்கும் ப்ராஜெக்டுகளும் உண்டு. அங்கேயும் உள்ளுக்குள் ஓடுவது மணிக்கணக்குதான்.)

விற்காத நேரத்துக்குப் பெயர் பெஞ்ச். வெளியே இருப்பவர்களுக்கு அது சம்பளத்தோடு லீவு. உள்ளே இருப்பவர் ட்ரெய்னிங் வீடியோவை ஓடவிட்டு, ப்ராஜெக்டுகளுக்கு ஆள் ஒதுக்கும் ஆர்.எம்.ஜி.க்குப் போன் போட்டு, வாரம் ஒரு ப்ராஜெக்ட் இன்டர்வியூவில் தோற்றுக்கொண்டிருப்பார். 2025 ஜூனில் டி.சி.எஸ். கொண்டுவந்த விதிப்படி ஆண்டுக்கு 225 நாள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக்கூடாது. டீல் வராததற்குப் பெஞ்சில் இருப்பவர் என்ன செய்வார்? ஆனாலும் கேன்டீனில் தலை குனிந்து சாப்பிடுபவர் அவர்தான்.

ப்ராடக்ட் கம்பெனியில் பெரும்பாலும் டைம்ஷீட் கிடையாது. பதினொரு மணிக்கு வந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. சேர்ந்த புதிதில் சொர்க்கம். பிறகு ஆன்கால் ரொட்டேஷனில் பெயர் ஏறும். தன் முறை வரும் வாரம் முழுக்கப் போனை சைலன்டில் போட முடியாது. சினிமாவுக்கும் கல்யாணத்துக்கும் லேப்டாப் கூடவே வரும். ராத்திரி 2.40க்கு அலாரம் அடிக்கும். சில நிமிடங்களில் 'அக்னாலெட்ஜ்' தட்டாவிட்டால் அடுத்தவருக்குப் போகும், அவரும் எடுக்காவிட்டால் மேனேஜருக்கு. பாதித் தூக்கத்தில் டாஷ்போர்டைத் திறந்தால் டேட்டாபேஸ் கனெக்‌ஷன்கள் நிரம்பி வழிகின்றன. மாலை டிப்ளாய்மென்டில் யாரோ ஒரு குவெரியில் கை வைத்திருக்கிறார். அமெரிக்காவில் அப்போது பகல். வாடிக்கையாளர்கள் எல்லாரும் முழித்திருக்கிறார்கள். ரோல்பேக் செய்துவிட்டு, கிராஃப் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை ஸ்டாண்ட்-அப்பில் "நைட் ஒரு இஷ்யூ, ரிசால்வ் ஆயிடுச்சு" என்று ஒரு வரி. அந்த நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட எஸ்.ஆர்.இ. (சைட் ரிலயபிலிட்டி இன்ஜினியரிங்) புத்தகம் இதற்கெல்லாம் அளவு சொல்லியிருக்கிறது. டீம் ஒரே ஊரில் இருந்தால் ஆன்காலுக்குக் குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். 12 மணி நேர ஷிஃப்டில் இரண்டு சம்பவங்களுக்கு மேல் தாங்காது. அலுவல் நேரத்துக்கு வெளியே பார்க்கும் வேலைக்கு ஈடு தர வேண்டும். நம் ஊர்க் கம்பெனிகள் அந்தப் புத்தகத்திலிருந்து அலாரத்தை எடுத்துக்கொண்டன. எட்டுப் பேரை எடுத்துக்கொண்ட இடங்கள், நான் பார்த்தவரை, குறைவு.

இந்த ராத்திரி முழிப்பைச் சகித்துக்கொள்ள வைப்பது கம்பெனி தரும் பங்கு. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் ஏறியபோது 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்ற செய்தி ஓ.எம்.ஆர். முழுக்கப் பல இளைஞர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. 36 டாலருக்கு வெளியிட்ட பங்கு அடுத்த ஆண்டு முடிவதற்குள் பாதி விலைக்கும் கீழே போன செய்தி அவ்வளவாகப் பேசப்படவில்லை. சர்வீஸில் ஆசை காட்டும் அந்த இடம், வெளிநாட்டில் கிளையன்ட் இடத்துக்கே போய் வேலை பார்க்கும் ஆன்சைட்டுக்கு.

சர்வீஸ்காரர் தன் அலுப்பைச் சொல்ல முடியும். எத்தனை மணி விற்றோம், எத்தனை மணி சும்மா கொடுத்தோம் என்று அவருக்கே தெரியும். ப்ராடக்டில் ராத்திரி முழிப்புக்கு 'ஓனர்ஷிப்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். தானே பெருமையாக ஏற்றுக்கொண்ட ஒன்றை எதிர்த்து யாரிடம் போய் முறையிடுவது? அதனால் ப்ராடக்ட் வேலைதான் ஆளை அதிகம் தேய்க்கிறது என்பது என் கட்சி. ருசி அதிகம் அங்கேதான் என்பதையும் மறுக்க மாட்டேன். ஐந்து வருடத்துக்கு முன் எழுதிய கோடு இன்னும் ஓடுவதைப் பார்க்கிற சுகம், கே.டி. என்று அடுத்தவருக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த ப்ராஜெக்டுக்குப் போகிறவருக்கு வாய்க்காது.

நிரந்தரம் இரண்டிலும் இல்லை. 2024 நவம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் 13 சதவீதம் பேரை அனுப்புவதாக அறிவித்தது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். 2 சதவீதம், அதாவது 12,000க்கும் மேற்பட்டோர். இப்போது ஏ.ஐ. வந்து மூன்று நாள் வேலையை அரை நாளில் முடித்துக் கொடுத்தால், மணிக்கணக்கில் விற்பவர் மிச்ச இரண்டரை நாளுக்கு யாரிடம் பில் போடுவார்? ப்ராடக்ட்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் டீமில் ஆள் குறைந்தால் அலாரம் அடிக்கடி தன் வீட்டில் அடிக்கும்.

இன்டர்வியூ முடிவில் "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். டெக் ஸ்டாக் பற்றி ஏதோ கேட்டுவிட்டு எழுந்துவிடுவது வழக்கம். ஆன்காலில் எத்தனை பேர், போன மாதம் ராத்திரியில் எத்தனை தடவை அலாரம் அடித்தது, மறுநாள் லீவு உண்டா என்று கேட்கலாம். மூன்று பேர்தான் என்று பதில் வந்தால், பேசி முடித்த சம்பளத்தை அங்கேயே மறுபடி பேசுங்கள்.