கடினம் என்னும் கணக்கு: விளிம்பு பொருத்தும் சில்லுப் புதிர்களின் வரலாறு (1892–2010)

ஆய்வுச் சுருக்கம்

வண்ணமோ வடிவமோ பொருந்துமாறு சில்லுகளை அடுக்கி ஒரு தளத்தை முழுமையாக நிரப்பும் புதிர்கள், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேர்ப்பியல் கணிதத்தின் துணைவிளைவாகத் தோன்றின. நூறாண்டுகளுக்குப் பின் அவை பெரும் பரிசுத் தொகைகளுக்கு உரிய போட்டிகளாயின. அவற்றை ஆக்கியோர் ‘கடினம்’ என்பதை எவ்வாறு அளந்தனர் என்பதையும், அவ்வளவை எங்குப் பிழைத்தது, பின்னர் எவ்வாறு திருத்தப்பட்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சில்லுப் புதிர், விளிம்புப் பொருத்தம், சேர்ப்பியல், மக்மான், எட்டர்னிட்டி, தேடல் வழிமுறை.

முன்னுரை

1999ஆம் ஆண்டு சூன் மாதம் பிரித்தானியாவில் ‘எட்டர்னிட்டி’ என்னும் புதிர் விற்பனைக்கு வந்தது. 209 சில்லுகளைக் கொண்டு ஒரு பன்னிருகோணத்தை இடைவெளியின்றி நிரப்புவோருக்குப் பத்து இலட்சம் பவுண்டு பரிசு அறிவிக்கப்பட்டது. அதனை விடுவிக்கக் குறைந்தது மூன்று ஆண்டுகளாகும் என அதனை ஆக்கிய கிறிஸ்டபர் மாங்க்டன் கருதியிருந்தார். 2000ஆம் ஆண்டு மே 15 அன்று, ஓராண்டு நிறைவதற்கு முன்பே, அது விடுவிக்கப்பட்டது. விடையைக் கண்டவர்கள் கேம்பிரிட்ஜைச் சார்ந்த அலெக்ஸ் செல்பி, ஆலிவர் ரியார்டன் என்னும் இரு கணிதவியலர்.

கணினியின் வேகம் மனிதக் கற்பனையை வென்றது என்று இந்நிகழ்வை விளக்குவது எளிது. ஆனால் அவ்விளக்கம் போதுமானதன்று. கணினிகள் விரைவானவை என்பதைப் புதிரை ஆக்கியோரும் அறிந்தே இருந்தனர். அவர்கள் பிழைத்தது வேறொன்றில்: எது கடினம் என்னும் கணிப்பில். அக்கணிப்பின் வரலாற்றை அறிய மக்மானின் காலத்திற்குச் செல்ல வேண்டும்.

மக்மானின் முழுத்தொகுதிகள்

பெர்சி அலெக்சாண்டர் மக்மான் 1854இல் மால்டாத் தீவில் ஒரு படைத்துறைக் குடும்பத்தில் பிறந்தவர். வூலிச் படைத்துறைக் கழகத்தில் பயின்று, 1873இல் பீரங்கிப் படை அதிகாரியாகிச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். இந்தியாவின் வடபகுதிகளிலும் பணியாற்றிய பின் நோயுற்று நாடு திரும்பினார். 1882இல் வூலிச்சிலேயே கணிதப் பயிற்றுநரானார். நோய் அவரைப் போர்முனையிலிருந்து அகற்றியதால் கணிதத்திற்கு ஒரு சேர்ப்பியல் அறிஞர் கிடைத்தார் எனலாம். 1915, 1916ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவரது ‘சேர்ப்பியல் பகுப்பாய்வு’ இரு தொகுதிகளும் அத்துறையின் அடிப்படை நூல்களுள் அடங்கும்.

தமிழ் ஆய்வுலகம் மக்மானை அறிந்திருப்பது பெரும்பாலும் இராமானுசன் வழியாகவே. ஓர் எண்ணை எத்தனை வகையில் கூட்டலாகப் பிரிக்கலாம் என்னும் வினாவிற்கு ஹார்டியும் இராமானுசனும் 1918இல் வெளியிட்ட வாய்பாட்டைச் சரிபார்க்க, 1 முதல் 200 வரையுள்ள எண்களின் பிரிவினைகளைக் கையால் கணக்கிட்டுத் தந்தவர் அவரே. 200இன் பிரிவினைகள் 3,972,999,029,388 என்னும் அவரது விடையோடு வாய்பாட்டின் விடை ஒத்திருந்தது. அவ்வட்டவணையை உற்றுநோக்கியே 5, 7, 11 ஆகிய எண்களால் வகுபடும் பிரிவினைகளின் ஒழுங்குகளை இராமானுசன் கண்டார். ஒன்றையும் விடாமல், ஒன்றையும் இருமுறை எண்ணாமல் அனைத்தையும் வரிசைப்படுத்தும் இந்த மனப்பாங்கே மக்மானின் புதிர்களிலும் காணப்படுகிறது.

ஜோசலின் என்னும் அதிகாரியுடன் இணைந்து 1892இல் அவர் ஒரு காப்புரிமை பெற்றார். அதன் கருத்து எளியது. ஒரு சமபக்க முக்கோணத்தின் மூன்று விளிம்புகளுக்கும் நான்கு வண்ணங்களுள் ஏதேனும் ஒன்றைத் தர வேண்டும். சுழற்றினால் ஒன்றாகிவிடுவனவற்றை ஒரே சில்லாகக் கொண்டால் எத்தனை சில்லுகள் கிடைக்கும்? மூன்று விளிம்பும் ஒரே வண்ணமுடையவை 4. இரு வண்ணமுடையவை 12. மூன்று வண்ணமுடையவை 8. ஆக 24. இந்த 24 சில்லுகளைக் கொண்டு ஓர் ஒழுங்கு அறுகோணத்தை அமைக்க வேண்டும். ஒட்டும் விளிம்புகள் ஒரே வண்ணமாக இருத்தல் வேண்டும். புறவிளிம்பு முழுவதும் ஒரே வண்ணத்தில் அமைதல் வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு கவனிக்கத்தக்கது. 24 சில்லுகளில் 72 விளிம்புகள், வண்ணத்திற்கு 18. அறுகோணத்தின் புறத்தே 12 விளிம்புகள் உள்ளன. புறத்திற்குத் தேர்ந்த வண்ணத்தில் எஞ்சுவன 6. அவை 3 இணைகளாகும். ஏனைய மூன்று வண்ணங்களும் தலா 9 இணைகளைத் தரும். மொத்தம் 30 இணைகள். அறுகோணத்தின் உட்புறத்தில் இருக்கும் விளிம்புகளும் 30. எண்ணிக்கை இவ்வாறு ஒத்துப்போவதால் விடை உறுதியாக உண்டு என்றாகிவிடாது. எனினும், விடை இருக்க இயலாது என்று முதற்கணக்கிலேயே தள்ளிவிட முடியாத ஒரு நிலையை அது உருவாக்குகிறது. மூன்று வண்ணங்களைக் கொண்ட சதுரச் சில்லுகளும் 24 என்றே வருகின்றன. அவற்றை 4×6 செவ்வகமாக அடுக்கும் புதிரையும், ஆறு வண்ணங்களால் முகங்களைத் தீட்டிய 30 கனசதுரங்களின் புதிரையும் மக்மான் ‘புதிய கணிதப் பொழுதுபோக்குகள்’ (1921) என்னும் நூலில் விரித்துரைத்தார்.

மக்மானிடம் ‘கடினமான புதிரை ஆக்குவது’ என்னும் நோக்கம் முதன்மை பெறவில்லை. ஒரு விதியால் தோன்றும் சில்லுகள் அனைத்தும் தொகுதியில் இருத்தல் வேண்டும் என்பதே அவரது நெறி. எந்தச் சில்லையும் ஆக்குவோர் தம் விருப்பப்படி சேர்க்கவோ நீக்கவோ இயலாது. கடினம் என்பது அத்தொகுதியோடு தானே வந்த ஒன்று.

எண்ணும் பொறிகள்

அடுத்த அரை நூற்றாண்டில் கவனம் வண்ணத்திலிருந்து வடிவத்திற்கு நகர்ந்தது. ஐந்து சதுரங்களை ஒட்டிப் பெறும் 12 வடிவங்களை 1953இல் சாலமன் கோலம்ப் கணிதப் பொருளாக்கினார். மார்ட்டின் கார்ட்னரின் இதழ்ப் பத்தி அவற்றைப் பரவலாக்கியது. 1958இல் டானா ஸ்காட், நடுவே 2×2 வெற்றிடம் கொண்ட 8×8 பலகையில் அவ்வடிவங்களை அடுக்கும் வழிகள் 65 மட்டுமே என்பதை மேனியாக் கணினியைக் கொண்டு நிறுவினார். 1964இல் மக்மானின் சதுரங்களும் இவ்வாறே எண்ணப்பட்டன. புறவிளிம்பு ஒரே வண்ணமாக அமையும் 4×6 விடைகள் 12,261 எனத் தெரியவந்தது. ஒரு விடையைக் காண்பதே அரிது எனக் கருதப்பட்ட புதிருக்குப் பன்னிரண்டாயிரம் விடைகள் இருந்தமை அன்றே ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு கொள்ளப்படவில்லை.

இந்நிரல்கள் அனைத்தும் பின்வாங்கித் தேடும் முறையைப் பின்பற்றின. ஒரு சில்லை வைத்து, அடுத்ததை முயன்று, பொருந்துவது ஏதும் இல்லையெனில் முந்தையதை எடுத்து வேறொன்றை வைப்பது அம்முறை. கைவிளையாட்டாகப் புதிரை முயல்வோரும் இதையே செய்கின்றனர்; பொறி எதையும் மறப்பதில்லை என்பதே வேறுபாடு.

எட்டர்னிட்டி: பெருமையின் பிழை

மாங்க்டனின் சில்லு ஒவ்வொன்றும், சமபக்க முக்கோணத்தைப் பாதியாக்கினால் கிடைக்கும் செங்கோண முக்கோணங்கள் 12 ஒட்டியது. எனவே பரப்பில் அனைத்தும் சமம். வடிவில் எதுவும் எதையும் ஒத்ததன்று. முயன்று பார்க்கக்கூடிய அடுக்குகள் 10⁵⁰⁰ என்றும், அவை அனைத்தையும் சோதிக்க அண்டத்தின் ஆயுளும் போதாது என்றும் அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. இம்மதிப்பீடு பொய்யன்று, ஆனால் புதிரின் கடினத்தை அது அளக்கவில்லை. ஒரு வைக்கோற்போர் எவ்வளவு பெரியது என்பது மட்டும் தெரிந்து, அதில் எத்தனை ஊசிகள் உள்ளன என்பது தெரியாவிடில் தேடலின் கடினம் தெரியாது.

செல்பியும் ரியார்டனும் வினவியது ஊசிகளின் எண்ணிக்கையையே. இத்தகைய சில்லுகளைக் கொண்டு சிறு புதிர்களை ஆக்கி ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 70 சில்லுகள் கொண்ட புதிரே மிகக் கடினமானது என்று அவர்கள் கண்டனர். அதற்குக் குறைந்தால் அனைத்தையும் தேடி முடித்துவிடலாம். அதற்கு மிகுந்தால் தற்செயலான விடைகள் பெருகத் தொடங்குகின்றன. 209 சில்லுகள் கொண்ட எட்டர்னிட்டிக்கு அவர்கள் மதிப்பிட்ட விடைகள் ஏறத்தாழ 10⁹⁵. மாங்க்டன் தம்மிடம் வைத்திருந்தது அவற்றுள் ஒன்றை மட்டுமே. புதிரைப் பெரிதாக்கியவர் அதனை எளிதாக்கினார் என்பது இதன் பொருள்.

விடைகள் மிகுதி என்பதால் மட்டும் அவை கைக்கு எட்டிவிடுவதில்லை. எந்தச் சில்லு எளிதில் பொருந்தும், எது முரண்டு பிடிக்கும் என்பதைச் சிறு பகுதிகளை எண்ணற்ற முறை அடுக்கிப் பார்த்து அவர்கள் மதிப்பிட்டனர். முரண்டு பிடிப்பனவற்றை முதலில் செலவழித்து, இணக்கமானவற்றை இறுதிக்கெனச் சேமித்தனர். தேடலின் ஒவ்வொரு கட்டத்திலும், எஞ்சிய சில்லுகளும் எஞ்சிய இடத்தின் எல்லை வடிவும் எவ்வளவு நன்கு அமைந்துள்ளன என்பதைக் கணித்து, நம்பிக்கை தரும் நிலைகளை மட்டும் தொடர்ந்தனர். மாங்க்டன் தந்திருந்த குறிப்புகளை அவர்கள் பொருட்படுத்தவில்லை. அவை அவருடைய விடைக்கு உரியவை, தங்களுக்குத் தேவை ஏதேனும் ஒரு விடை. சில வாரங்களுக்குப் பின் செருமானியர் ஒருவரும் தனியே வேறொரு விடையைக் கண்டமை இக்கருத்தை உறுதி செய்தது. பரிசு முந்தியவர்களுக்கே சென்றது.

இரண்டாம் எட்டர்னிட்டி

2007ஆம் ஆண்டு சூலை மாதம் வெளிவந்த இரண்டாம் புதிரின் வடிவமைப்பில் செல்பியும் ரியார்டனும் மாங்க்டனுக்குத் துணைநின்றனர். தோற்கடித்தவர்களிடமே அடுத்த புதிரின் திட்பத்தை ஒப்படைத்தமை, இவ்வரலாற்றில் மாங்க்டன் செய்த மிகச் சிறந்த செயல் எனத் தோன்றுகிறது. பரிசு இருபது இலட்சம் டாலர். புதிய புதிர் மக்மானின் வண்ண விளிம்புகளுக்கே திரும்பியது: 16×16 பலகை, 256 சதுரச் சில்லுகள். மக்மானின் முழுத்தொகுதி நெறி மட்டும் கைவிடப்பட்டது. உட்புறத்தில் வரும் 17 வண்ணங்களைக் கொண்டு 20,961 வேறுபட்ட சதுரங்களை ஆக்கலாம். உட்சில்லுகளாகத் தேவைப்பட்டவை 196 மட்டுமே.

ஏன் 17? மூலைச் சில்லுகள் நான்கை 4! வழிகளிலும், ஓரச் சில்லுகள் 56ஐ 56! வழிகளிலும், சுழலக்கூடிய உட்சில்லுகள் 196ஐ 196!×4¹⁹⁶ வழிகளிலும் வைக்கலாம். பெருக்கினால் ஏறத்தாழ 10⁵⁶⁰. பொருந்த வேண்டிய விளிம்புகள் 480. அவற்றுள் ஓரத்தைச் சுற்றிவரும் 60க்கு 5 வண்ணங்கள். எஞ்சிய 420க்கு 17 வண்ணங்கள். அனைத்தும் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 5⁶⁰×17⁴²⁰இல் ஒன்று, அதாவது ஏறத்தாழ 10⁵⁵⁹இல் ஒன்று. இது தோராயக் கணக்கே. எனினும் இரண்டு பேரெண்களும் ஒன்றையொன்று ஏறக்குறைய நீக்கிவிடுவதைத் தெளிவாகக் காட்டுகிறது. உட்புறத்தில் ஒரு வண்ணம் குறைந்து 16 ஆகியிருந்தால் தற்செயல் விடைகள் ஏறத்தாழ 10¹¹ மடங்கு பெருகியிருக்கும். வண்ணங்கள் மிகுந்திருந்தால் தவறான வழிகள் விரைவிலேயே முட்டி நின்று, தேடுவோருக்குத் தம் பிழையை உடனே உணர்த்தியிருக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய எல்லையில்தான் புதிர் நிறுத்தப்பட்டது. போதாமைக்கு, பலகையின் நடுவை ஒட்டிய கட்டம் ஒன்றில் ஒரு சில்லு கட்டாயமாக நிலைநிறுத்தப்பட்டது.

விளிம்பு பொருத்தும் புதிர்கள் பொதுநிலையில் ‘என்பி-முழுமை’ வகையைச் சார்ந்தவை என எரிக் டிமைனும் மார்ட்டின் டிமைனும் 2007இல் நிறுவினர். தரப்பட்ட விடையைச் சரிபார்ப்பது எளிது. விடையைக் காண, எல்லாப் புதிர்களுக்கும் பொருந்தும் விரைவான வழிமுறை எதுவும் அறியப்படவில்லை. இத்தேற்றம் இரண்டாம் எட்டர்னிட்டியின் கடினத்திற்குச் சான்றாகப் பலவிடங்களில் சுட்டப்படுவது ஏற்புடையதன்று. அது முடிவிலாப் புதிர்களின் வகையைப் பற்றியது. குறித்த 256 சில்லுகளைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. மக்மானின் 24 சதுரங்களும் அதே வகையைச் சார்ந்தவையே.

2008ஆம் ஆண்டின் இறுதி வரை வந்த விடைகள் ஆராயப்பட்டபோது, 480இல் 467 விளிம்புகளைப் பொருத்திய சுவீடன் நாட்டவர் ஒருவருக்குப் பத்தாயிரம் டாலர் வழங்கப்பட்டது. 13 விளிம்புகளே எஞ்சின என்பது விடைக்கு மிக அருகில் வந்துவிட்டதைப் போன்ற தோற்றத்தைத் தரும். உண்மையில், அத்தகைய பலகை கட்டாயச் சில்லைத் தவிர வேறெதிலும் முழு விடையை ஒத்திருக்க வேண்டியதில்லை; எஞ்சிய 13ஐச் சீராக்கப் பெரும்பாலான சில்லுகளை எடுத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து அடுக்க நேரலாம். முதற்புதிரில் இணக்கமான சில்லுகளைச் சேமித்துவைத்த உத்தியும் இங்கு உதவவில்லை. ஒவ்வொரு வண்ணமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் வருமாறு அமைக்கப்பட்டிருந்ததால், எளிய சில்லு, முரண்டு பிடிக்கும் சில்லு என்னும் வேறுபாடே பெரிதும் இல்லாதொழிந்தது.

2010 டிசம்பர் 31 அன்று போட்டி முடிவுற்றபோது இருபது இலட்சம் டாலரைக் கோருவோர் எவரும் இல்லை. மாங்க்டனின் விடை வெளியிடப்படவில்லை.