முதலாளி தருவதாகச் சொன்னதையும் குறைத்த சட்டம்

சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கம் ஒரு தொகையைக் கேட்கும். முதலாளி அதைவிடக் குறைவாக ஒன்றைச் சொல்வார். அரசாங்கம் நடுவே வந்தால், இரண்டுக்கும் இடையில் ஏதோ ஓரிடத்தில் முடித்து வைக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். கனடாவில் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்ததோ வேறு. தபால் ஊழியர்களின் சம்பள உயர்வை நாடாளுமன்றமே சட்டம் போட்டு நிர்ணயித்தது. அந்த உயர்வு, முதலாளியான கனடா அஞ்சல் கழகம் தானாகவே தர முன்வந்திருந்ததைவிடக் குறைவு!

நான்கு ஆண்டுகளுக்குக் கழகம் தருவதாகச் சொன்னது முறையே 1.9, 1.9, 1.9, 2 விழுக்காடு. சட்டம் கொடுத்தது 1.75, 1.5, 2, 2 விழுக்காடு. பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால், முழுநேர ஊழியர் ஒருவருக்கு நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 875 கனடிய டாலர் இழப்பு என்று சங்கம் கணக்குக் காட்டியது. பாதிக்கப்பட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர், 48,000 பேர்.

இந்த நிலை எப்படி வந்தது? கனடா தபால் ஊழியர் சங்கத்துக்கும் கழகத்துக்கும் இடையே மாதக்கணக்கில் நடந்த பேச்சு முறிந்தது. புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்த தொடக்கச் சம்பளம், சேர்த்து வைக்கக்கூடிய மருத்துவ விடுப்புக்குப் பதில் வேறு திட்டம் என்று கழகம் கேட்ட மாற்றங்களைச் சங்கம் ஏற்கவில்லை. கடிதங்கள் குறைந்துவரும் காலத்தில் செலவைக் குறைக்காமல் வழியில்லை என்பது கழகத்தின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜூன் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் ஆரம்பமானது. அதையும் நாடு முழுவதும் ஒரேயடியாகச் செய்யவில்லை. இன்று ஒரு நகரம், நாளை வேறு நகரம் என்று சுழற்சி முறையில் நடத்தினார்கள். முதலில் வின்னிப்பெக், அடுத்து ஹாமில்டன். ஓர் ஊரில் தபால் நின்றாலும் மற்ற ஊர்களில் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. முதியோர் ஓய்வூதியக் காசோலைகளும் சமூகநல உதவிக் காசோலைகளும் தடைபடக்கூடாது என்று அவற்றை விநியோகிக்கவும் சங்கம் சம்மதித்திருந்தது.

ஜூன் 14ஆம் தேதி இரவு கழகம் கதவடைப்புச் செய்தது. அப்போதுதான் நாடு முழுவதும் தபால் நின்றது. இது கவனிக்க வேண்டிய செய்தி. தபாலை முற்றாக நிறுத்தியது முதலாளி. வேலைக்குத் திரும்புங்கள் என்று சட்டம் வந்ததோ தொழிலாளர்களை நோக்கி. பூட்டியவர் ஒருவர், குற்றம் சுமந்தவர் வேறொருவர் என்று தொழிலாளர்கள் பொருமியதில் வியப்பில்லை.

அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில்தான் பழமைவாதக் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றிருந்தது. பொருளாதார மீட்சி பலவீனமாக இருக்கிறது, சிறு வணிகர்கள் தவிக்கிறார்கள் என்று காரணம் கூறி அரசாங்கம் மசோதாவைக் கொண்டுவந்தது. முதல் முறையாக அதிகாரபூர்வ எதிர்க்கட்சியாக அமர்ந்திருந்த புதிய ஜனநாயகக் கட்சி, தலைவர் ஜேக் லேட்டன் தலைமையில் அதை எதிர்த்து இடைவிடாமல் பேசியது. ஜூன் 23, வியாழக்கிழமை தொடங்கிய விவாதம் சனிக்கிழமை வரை ஓடியது. மொத்தம் 58 மணி நேரம்! அமர்வு ஒத்திவைக்கப்படும்வரை சபையில் தேதி மாறாது என்பது மரபு. ஆகவே வெளியே சனிக்கிழமை ஆகியிருந்தும் சபைக்குள் வியாழக்கிழமைதான். நோயோடு போராடிக்கொண்டிருந்த லேட்டன் அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் காலமானார். பேச்சால் மசோதாவைத் தாமதப்படுத்த முடிந்ததே தவிர, தடுக்க முடியவில்லை. ஜூன் 26ஆம் தேதி அது சட்டமானது.

சம்பளம் தவிர, மற்ற தகராறுகளை நடுவர் ஒருவர் தீர்ப்பார் என்றது சட்டம். ஆனால் அந்த நடுவரின் கைகளும் கட்டப்பட்டிருந்தன. சங்கத்தின் இறுதிக் கோரிக்கைப் பட்டியல் ஒன்று, கழகத்தின் பட்டியல் ஒன்று. இரண்டில் ஒன்றை அவர் முழுமையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் கொஞ்சம், இதில் கொஞ்சம் என்று எடுக்க முடியாது. பணிக்குத் திரும்ப மறுத்தால் சங்கத்துக்கு நாளொன்றுக்கு 1,00,000 டாலர் வரை, அதன் அதிகாரிக்கு 50,000 டாலர் வரை, சாதாரண ஊழியருக்கு 1,000 டாலர் வரை அபராதம்.

சங்கம் என்ன செய்வது? அதன் வரலாற்றில் இரண்டு வழிகளுக்கும் முன்னுதாரணம் இருந்தது. 1965இல் கனடியத் தபால் ஊழியர்கள் சட்டத்துக்குப் புறம்பாகவே வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் விளைவாக 1967இல் மத்திய அரசு ஊழியர்களுக்குக் கூட்டுப் பேரமும் வேலைநிறுத்த உரிமையும் கிடைத்தன. 1978 அக்டோபரில் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நாள்களிலேயே அதை நிறுத்தச் சட்டம் வந்தது. தொழிலாளர்கள் அதை மீறி, ஏறக்குறைய ஒரு வாரம் தாக்குப்பிடித்தார்கள். சங்க அலுவலகங்களில் போலீஸ் சோதனை நடந்தது. வேலையை விட்டு நீக்குவோம் என்ற எச்சரிக்கையும் வந்தது. சங்கத் தலைவர் ஜான் குளோட் பரோவுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதே சங்கம் 1981இல் 42 நாள் வேலைநிறுத்தம் செய்து, 17 வாரச் சம்பளத்துடன் கூடிய பிரசவ விடுப்பை வென்றது. அந்நாளில் அது பெரிய சாதனை.

வேலையை நிறுத்துவதன் நோக்கமே எதிர்த்தரப்பைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவருவதுதான். இந்த வட்டாரத்து வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1952 மே மாதத்தில் சிங்கப்பூர்த் தபால்காரர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ அவர்களின் சட்ட ஆலோசகராக இருந்தார். இரண்டு வாரத்தில் காலனி அரசாங்கம் மீண்டும் பேச இறங்கி வந்தது. கனடாவில் 2011இல் வந்த சட்டமோ அந்த மேசையையே எடுத்துவிட்டது.

இம்முறை சங்கம் சட்டத்தை மீறவில்லை. உறுப்பினர்கள் வேலைக்குத் திரும்பினார்கள்; சங்கம் நீதிமன்றம் போனது. முதலில் நடுவராக நியமிக்கப்பட்டவர் ஓய்வுபெற்ற நீதிபதி. கனடா இருமொழி நாடு. அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, தொழிலுறவில் அனுபவமும் இல்லை என்று சங்கம் ஆட்சேபித்தது. அவர் பொறுப்பில் நீடிக்கவில்லை. இரண்டாவதாக வந்தவர், முன்பு இதே கழகத்துக்காக வழக்காடியவர்! ஆளுங்கட்சித் தொடர்பும் அவருக்கு இருந்தது. 2012 ஆகஸ்டில் நீதிமன்றம் அவரையும் விலக்கியது. இரண்டு நடுவர்கள் போன பிறகு இரு தரப்பும் தாங்களே உட்கார்ந்து பேசி, அந்த ஆண்டின் இறுதியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஒப்பந்தத்தில் சங்கம் பலவற்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. புதியவர்களுக்குக் குறைந்த தொடக்கச் சம்பளமும் வந்தது, பழைய மருத்துவ விடுப்பு முறையும் போயிற்று.

சட்டத்தை எதிர்த்த மூல வழக்கு தொடர்ந்து நடந்தது. இதற்கிடையில் ஒரு பெரிய மாற்றம் ஏற்பட்டது. கனடாவின் உரிமைச் சாசனம் வேலைநிறுத்த உரிமைக்குப் பாதுகாப்புத் தரவில்லை என்று 1987இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2015 ஜனவரியில் சஸ்காட்செவன் மாநில வழக்கில் அந்தக் கருத்தைக் கைவிட்டு, பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஒண்டாரியோ மேல் நீதிமன்றம், 2011ஆம் ஆண்டுச் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமைக்கும் கருத்துரிமைக்கும் முரணானது, செல்லாது என்று அறிவித்தது.

ஐந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த இந்த வெற்றியை என்னவென்பது? சங்கம் அதைக் கொண்டாடியது, நியாயந்தான். ஆனால் வேலைநிறுத்தம் என்பது அந்தந்த நேரத்தில் மட்டுமே வலுவுள்ள ஆயுதம். 2011 ஜூனில் பிடுங்கப்பட்டதை 2016இல் திருப்பிக் கொடுப்பது எப்படி? இடையில் குறைந்த சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கு அந்தத் தீர்ப்பு தாளில் உள்ள ஆறுதல்தான். அரசாங்கங்களும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2018 நவம்பரில், இம்முறை லிபரல் அரசாங்கம், இன்னொரு சட்டத்தால் தபால் வேலைநிறுத்தத்தை முடித்தது. சம்பளத்தை மட்டும் அது சட்டத்தில் எழுதவில்லை.

2024இல் நாடாளுமன்றமும் தேவைப்படவில்லை. நவம்பர் 15ஆம் தேதி சுமார் 55,000 பேர் தொடங்கிய வேலைநிறுத்தத்தை, தொழிலாளர் சட்டத்தின் 107ஆவது பிரிவைப் பயன்படுத்தி, தொழிலுறவு வாரியத்தின் உத்தரவு மூலம் அமைச்சர் டிசம்பரில் நிறுத்தினார். 58 மணி நேர விவாதம் எதுவும் இல்லை. மறு ஆண்டு அரசாங்கம் வேறொரு வழியைக் கையாண்டது. சங்கத் தலைமையைத் தாண்டி, கழகத்தின் இறுதிச் சலுகையை நேரடியாக உறுப்பினர்களின் வாக்குக்கு விட உத்தரவிட்டது. தலைவர்கள்தான் முரண்டுபிடிக்கிறார்கள், தொழிலாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. 2025 ஆகஸ்டு முதல் தேதி முடிவு வெளியானது. நகர்ப்புறத் தபால் ஊழியர்களிலும் கிராமப்புறத் தபால் ஊழியர்களிலும் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் அதை நிராகரித்திருந்தார்கள்.